பேணிக்கு எத்தனை கப்

ஆரையம்பதி
03.06.2025

அன்பான தனுஷியா,

சுகமா இருக்கிறியா புள்ள? இஞ்ச நானும் நம்மட பிள்ளை கிதுஷாவும் ஒரு குறையுமில்லாம இருக்கம். என்ட எழுத்தப் பார்த்துச் சிரிக்காத. தோணி வலிக்கிற கைக்குப் பேனை ஒத்து வருகுதில்ல. ஆனா சமையலப் பார்க்கிற என்ட தங்கேஸ் அக்கா சொல்லிப்போட்டா, நீ போனில சொல்ற அளவு அவவுக்கு மனசில நிக்குதில்லயாம், எழுதித்தான் வேணுமாம். அதால கடதாசியில எழுதிப் படம் பிடிச்சு அனுப்புறன். நீயும் அப்பிடியே அனுப்பு.

நீ சொன்ன பிட்டு நாசமாப் போச்சு. மா ரெண்டு கப், தண்ணி ஒரு கப், உப்பு ஒரு ஸ்பூன் எண்டாய். அக்கா மாவைப் பால்மா வந்த தகரப் பேணியால அளந்தா. பேணியில துரு ஓட்டை, தண்ணி நிக்காது. அதால தண்ணியத் தேத்தண்ணி குடிக்கிற சின்னக் கப்பால அளந்தா. உப்புக்குக் கறி அள்ளுற கரண்டி. பிட்டு கடற்கரை மண்ணாட்டம் வந்தது. பிள்ளை ஒரு வாய் வெச்சிட்டுத் தண்ணிக் குடத்தடிக்கு ஓடிட்டாள்.

அக்கா பாவம், ஆவி பட்டுக் கையும் வெந்து போச்சு. ஒருத்தருக்கும் சொல்லாத, அவவுக்குப் பெரிய வெக்கம். சரியான அளவ எழுது.

உன்ட
மதுஷன்


குவைத்
08.06.2025

பிரியமுள்ள மச்சானுக்கு,

மேடம் கடைக்குப் போன நேரம் பார்த்து எழுதுறன். உங்கட கடதாசியப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து போச்சு. தங்கேஸ் மச்சாள் கண்ண மூடிக்கொண்டு பிட்டு அவிக்கிற ஆளாச்சே, அவவுக்கு என்ன நடந்த? வயசு போகுது போல.

பிழை என்னிலதான். இஞ்ச நான் சமைக்கிற மேடம்ட அடுப்படியில எல்லாத்துக்கும் அளவுக் கப், அளவு ஸ்பூன் எண்டு ஒரு கோர்வை தொங்குது. எனக்கும் வாயில அதே வந்திட்டு. இந்தக் கப் வேற, நம்மட பால்பேணி வேற, தேத்தண்ணிக் கப் வேற. ஆனா கிலோ எங்க போனாலும் கிலோதான். இஞ்ச ஒரு கிலோ அரிசிமா ஆறரைக் கப் வருகுது, நான் அளந்து பார்த்திட்டன். அங்க ஒரு கிலோ மாப் பக்கெட்ட வெட்டி, பேணியால எத்தனை வருதெண்டு எண்ணச் சொல்லுங்க. மிச்சக் கணக்கைக் கிதுஷா போடுவாள். தண்ணிக்கும் மாவுக்கும் ஒரே பேணி. ஓட்டைய மெழுகால அடைக்க வேணாம், வேற பேணி எடுங்க. உப்புக்குத் தேத்தண்ணிக் கரண்டி, தலை தட்டி.

இன்னொரு கதை. மேடம் இன்னும் ரெண்டு வருஷம் நிக்கச் சொல்றா. வாற ஞாயிறு அதுக்குக் கையெழுத்து வெக்க வேணும். நம்மட பிள்ளைக்குப் பதினொரு வயசு, இந்த நேரம் வீட்டில ஒரு பொம்பிள இல்லாம ஏலாது எண்டுதான் முதல்ல யோசிச்சன். பிறகு மச்சாள் வீட்டோட இருக்கிறாதானே எண்டு மனசத் தேத்திக்கொண்டன். நீங்க என்ன சொல்றீங்க? ஞாயிறுக்கு முன்னம் ஒரு வரி எழுதுங்க மச்சான்.

உங்கட
தனுஷியா


ஆரையம்பதி
19.06.2025

தனுஷியா,

உன்ட கடதாசி அண்டைக்கே கிடைச்சது. பதில் எழுதக் குந்தினன், எழும்பினன், குந்தினன். ஞாயிறும் போயிட்டு. இப்ப எழுதுறன். முழுக்க வாசி, பிறகு ஏசு.

அக்கா இஞ்ச இல்ல புள்ள. நீ போய் முதல் மாதம் மட்டும்தான் நிண்டா. பிறகு அவட பேரப்பிள்ளைகளப் பார்க்கக் களுதாவளைக்குப் போயிட்டா. அதுக்குப் பிறகு சமைக்கிறது நான்தான். பிட்டுக்கு உப்ப அள்ளிப் போட்டதும் நான்தான், கை வெந்ததும் எனக்குத்தான்.

துறையில ஒருக்கா ஒருத்தன் கேட்டான், "என்ன மதுஷன், பொஞ்சாதிய அனுப்பிட்டு நீ அடுப்பூதுறியாம்" எண்டு. எல்லாரும் சிரிச்சாங்கள். அண்டைக்கு என்ட தோல் உரிஞ்ச மாதிரி இருந்தது. அக்கா வந்து சமைக்கிறா எண்டு சொல்லிப்போட்டன். பிறகு உனக்கும் அதையே சொன்னன். பிள்ளையையும் சொல்லச் சொன்னன். மாமி சமைச்சது எண்டு சொல்லு மனே எண்டன். அவளும் சொன்னாள்.

நீ சொன்னபடி கிலோ மாவை அளந்தம். அஞ்சு பேணியும் ஒரு கையும் வந்தது. உன்ட கப் ஒண்டேகால் சேர்ந்தாத்தான் நம்மட பேணி ஒண்டு எண்டு கிதுஷா கண்டுபிடிச்சாள். பிட்டு பூப்போல வந்தது. எவ்வளவு சந்தோசப்பட்டம் தெரியுமா? அந்த நேரம் பள்ளியில கணக்கு ரீச்சர், வீட்டில சமைக்கிற ஒரு சாப்பாட்டின்ட அளவக் கிராமுக்கு மாத்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறா. இவள் நம்மட பிட்ட எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். ரீச்சருக்கு நல்லாப் பிடிச்சுப் போய், சமைச்ச மாமியக் கூட்டிக்கொண்டு வா, வகுப்புக்குச் செய்து காட்டட்டும் எண்டு சொல்லிப்போட்டா.

அப்பவாவது நான் வாயத் திறந்திருக்க வேணும். திறக்கல்ல. களுதாவளைக்குப் போய் அக்காவக் கூட்டிக்கொண்டு வந்தன். பஸ்ஸில வரேக்க பேணி எத்தனை, கிராம் எத்தனை எண்டு பாடமாக்கிக் குடுத்தன். செவ்வாய்க்கிழமை வகுப்பில ரீச்சர் கேட்டா, ஒரு பேணி மா எத்தனை கிராம் எண்டு. அக்காவுக்குப் பாடமாக்கினதெல்லாம் மறந்து போச்சு. "எனக்கு எல்லாம் கைக்கணக்குத்தான் புள்ள" எண்டா. ரீச்சர் கிதுஷாவத் திரும்பிப் பார்த்தா. அப்ப இதெல்லாம் நீ எங்க பார்த்து எழுதின எண்டு கேட்டா. பிள்ளைகள் சிரிச்சாங்களாம். நான் வெளிய பள்ளிப் படலையடியில நிண்டன், உள்ள போகல்ல, எல்லாம் அக்கா வந்து சொன்னது.

அண்டையிலிருந்து அவள் என்ட சாப்பாட்டக் கொண்டு போறாளில்ல. "கடைப் பாண் வாங்கித் தாங்கப்பா, அத ஆர் சமைச்ச எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" எண்டாள். எனக்கு எங்கயாவது போய் ஒளிக்க வேணும் போல இருக்கு புள்ள. நீ கையெழுத்து வெச்சிட்டியா?

மதுஷன்


குவைத்
21.06.2025

மச்சான்,

வெச்சிட்டன். ஞாயிறு பின்னேரம் வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தன். உங்களிட்ட இருந்து ஒண்டும் வரல்ல. சரி, வீட்டில எல்லாம் ஒழுங்கு போல எண்டு வெச்சிட்டன். இப்ப மாத்த ஏலுமா எண்டு கேட்டுப் பார்த்தன். ஏலாதாம்.

நீங்க அடுப்படியில நிண்டதுக்கு எனக்கு ஒரு துளி கோபமில்ல. நிண்டத எனக்கும் மறைச்சீங்களே, அதான் தாங்க ஏலாம இருக்கு. என்ட பிள்ளை பெரிய பிள்ளையாகிற நேரம் நான் பக்கத்தில இருக்க மாட்டன். அதுக்கு நான் சம்மதிச்சது உங்கட ஒரு பொய்ய நம்பி. எனக்கே என்னில வெக்கமா இருக்கு. உப்புக் கதையிலயே நான் விளங்கியிருக்க வேணும். சிரிச்சன், விசரி.

பிள்ளையக் கூட்டிக்கொண்டு ரீச்சர்ட்டப் போங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க, அவள் எழுதினது உண்மை எண்டு. அதச் செய்யாம எனக்கு எழுத வேணாம்.

தனுஷியா


ஆரையம்பதி
25.06.2025

தனுஷியா,

போனன். காலமை வலைக்குப் போகாம, நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போனன். பள்ளியில நாலஞ்சு தாய்மாரும் நிண்டாங்க. சமைச்சது நான்தான் ரீச்சர், பிள்ளைய மாமி எண்டு சொல்ல வெச்சதும் நான்தான், அவள் எழுதின அளவெல்லாம் சரி எண்டன். பின்னுக்கு நிண்டவங்களுக்குக் கேக்கல்ல, திரும்பவும் சொன்னன். ஒரு மனிசி வாயப் பொத்திக்கொண்டு சிரிச்சா. ரீச்சர் சிரிக்கல்ல. கிதுஷாக்கு நட்சத்திரம் போட்டுக் குடுத்தா. அவள் அத வாங்கிப் புத்தகத்துக்குள்ள வெச்சாள், என்னப் பார்க்கல்ல.

பின்னேரம் சைக்கிளில ஏத்திக்கொண்டு வந்தன். நான் நினைச்சன், இனிக் கோபம் தீர்ந்திடும் எண்டு. பாதி வழியில பின்னுக்கிருந்து கேட்டாள், "அப்பா, சமைக்கிறது வெக்கமான வேலையா?" எண்டு. இல்ல மனே, அப்பா தெரியாமச் செய்துபோட்டன் எண்டன். பிறகு, "அப்ப அம்மா அங்க செய்யிறது என்ன வேலை எண்டு ஏன் ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் எண்டீங்க?" எண்டு கேட்டாள்.

ஓம் புள்ள, அதையும் நான்தான் சொல்லியிருக்கிறன். நீ ஒரு ஒஃபிசில வேலை எண்டு.

மதுஷன்