சுயம்புவின் வண்டி

12 ஏப்ரல் 1998
மோகனன் வந்திருந்தான். என் மனைவி ஸ்ரீகலாவின் தம்பி. அவனுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனதில்தான் என் இரண்டு காலும் செயலிழந்தன. அவனுக்கு முழங்கையில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். இரண்டு வருஷமாகிறது. மன்னிப்பு என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. இப்போது புதிதாகத் திறந்த தீம் பார்க்குக்கு எல்லோரையும் வேனில் கூட்டிப்போகிறானாம். “மினிக்குப் பரீட்சை முடிஞ்சாச்சுல்லா. அத்தானும் வரணும்.”

எப்படி வருவது? “தூக்கிக்கிடலாம்” என்கிறான். நான் என்ன, மூட்டையா?

15 ஏப்ரல்
மகளின் முகத்துக்காகச் சம்மதித்தேன். ஆனால் ஒருவரும் என்னைத் தூக்கக் கூடாது.

மோகனனே வழி கண்டுபிடித்தான். சுயம்புவின் வண்டி. சுயம்பு எங்கள் தென்னை விளையின் ஓரத்தில் குடிசை கட்டியிருப்பவன், இளம்பிள்ளைவாதம். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் பாறசாலை ஜங்ஷனில் லாட்டரி விற்கிறான். “ஒரு நாள் வாடகைக்கு ஆக்கும் அத்தான். அவன் வீட்டில கெடந்து ஒறங்கட்டு.”

18 ஏப்ரல்
வண்டியில் இருந்த லாட்டரிப் பலகையை மோகனன் கழற்றவில்லை. மறந்துவிட்டானாம். பார்க்குக்குள் நுழைந்ததும் ஈரத் துண்டோடு ஒருவன் ரூபாயை நீட்டினான். “சேட்டா, நாளத்தெ டிக்கெட் உண்டோ?”

கல்லூரியில் பாடம் எடுத்தவனிடம்!

“ஃபஸ்ட் பிரைஸ் அத்தானுக்க கையிலயாக்கும்” என்றான் மோகனன். மினியும் சிரித்தாள். அவளுமா?

ஆத்திரத்தில் கைப்பிடியைச் சுற்றினேன். வண்டி ஓடியது. குளத்தைச் சுற்றி, சறுக்குக் குழாய்களைத் தாண்டி, சமையல் கொட்டகையின் பின்பக்கம் வரை. யாரும் தள்ளவில்லை. எச்சில் தட்டு கழுவும் நாற்றத்தில் வெகுநேரம் தனியே இருந்தேன்.

ஸ்ரீகலா அழுதுகொண்டு வந்தாள். “எங்க போயிட்டிய? நான் பயந்தே போனேன்.”

என்னைத் தேட வேண்டியிருந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு. வெட்கமில்லாமல் எழுதுகிறேன் — சந்தோஷமாக இருந்தது.

19 ஏப்ரல்
வண்டியைக் கொடுக்க வேண்டும். நாளை.

20 ஏப்ரல்
வாசகசாலைக்குத் தனியே போய் வந்தேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

22 ஏப்ரல்
சுயம்புவின் மனைவி சத்தியபாய் முற்றத்தில் வந்து நின்றாள். சக்கரத்தில் கோளாறு, சரிசெய்து தருகிறேன் என்றேன். கோளாறு ஒன்றுமில்லை. பணத்தை நீட்டினேன். தொடவில்லை. “வாடகை வேண்டாம் சாரே. வண்டி போதும். ஆளு வீட்டில இருந்து ஏசுகாரு.”

அவள் போனபின் ஸ்ரீகலா: “அது அவங்களுக்கச் சோறாக்கும். குடுத்திருங்கோ.”

என் காலை எடுத்தவனிடம் இப்படி யார் போய்க் கேட்டார்கள்? நியாயமெல்லாம் என் ஒருவனிடம்தானா?

27 ஏப்ரல்
எனக்கென்று ஒரு வண்டிக்கு மோகனன் மனுக் கொடுத்திருக்கிறானாம். வர ஒரு வருஷமாகலாம். “அதுவரைக்கும் அவனுக்க வண்டிய வச்சிருக்கப்பிடாது அத்தான். நாணக்கேடு.”

நாணத்தைப் பற்றி இவன் பேசுகிறான்.

3 மே
மழை. வெளியே போகவில்லை. வண்டியை உள்ளே ஏற்றி வைக்கச் சொன்னேன்.

11 மே
சுயம்பு ஜங்ஷனில் சாக்கு விரித்து உட்கார்ந்து டிக்கெட் விற்கிறான். காலையில் சத்தியபாய் முதுகில் சுமந்து வந்து விடுகிறாளாம். மினி சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வாசகசாலைக்கு நான் இப்போது ஜங்ஷன் வழியாகப் போவதில்லை. காரோடு ஊருக்குப் போகும் ரோட்டில் சுற்றிப் போகிறேன். தூரம் கூடுதல்தான். ஆனால் ஏற்றம் குறைவு.