மேரி டீச்சருக்குத் தெரியாது

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கறதுக்குள்ள முதுகெல்லாம் ஈரம். திண்டிவனம் வண்டியில மேரி அக்கா கைக்குட்டை போட்டு சீட் பிடிச்சு வச்சிருந்தாங்க. ஒரே பஸ், ஒரே ஸ்கூல், எடுக்கிறதும் ஒரே இங்கிலீஷ். எனக்கு மூத்தவங்க, அதனால என்னை டி போட்டுத்தான் பேசுவாங்க.

வெள்ளிக்கிழமை தாளாளர் என் +1 வகுப்புல வந்து உட்காரப் போறார். பாடம் ஐரனி. கதையில வர்ற முரண், மூணு வகை.

வேலை:
- வகைக்கு ஒரு உதாரணமாவது. கைடுல இருக்கிறது வேணாம், பிள்ளைங்க தூங்கும்
- நீலப் புடவைக்கு ஃபால்ஸ்
- அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை

மதியம் சாக்பீஸ் எடுக்க ஆபீஸ் போனேன். கிளார்க் முதுகைக் காட்டிக்கினு போன்ல: "ஆமா சார். இங்கிலீஷுக்கு ஒருத்தர் போதும்னுட்டார் தாளாளர். மேரி டீச்சரை இந்த மாசத்தோட நிறுத்திடலாம். இப்ப சொல்ல வேணாம், வெள்ளிக்கிழமை போவட்டும்."

சாக்பீஸ் எடுக்காமலே வந்துட்டேன். மே.அ.வுக்கு ரெண்டு பசங்க. வீட்டுக்காரருக்கு கோட்டக்குப்பத்துல கடை வேலை, முழங்கால் வலியில பாதி நாள் லீவு.

அப்போ நான் தப்பிச்சேன். முதல்ல வந்த நினைப்பு இதுதான். தூ.

ஜூலை 9, செவ்வாய்

லேட். அம்மா வாசல் வரைக்கும் கத்தல்: "ஆரோக்கிய மேரி! இட்லி அவிச்சது யாருக்குடி?" கோவம் வந்தா மட்டும் அம்மா வாயில ஞானஸ்நானப் பேரு வரும். மத்த நாள்ல ஊருக்கே நான் நிர்மலா.

பஸ்ல படியில தொங்கின காலேஜ் பையன்கிட்ட கண்டக்டர்: "வாங்க மகாராசா, உள்ள சோபா போட்டு வச்சிருக்கேன், உட்கார மனசு வரலியா?" மே.அ. என் தொடையில ஒரு கிள்ளு. "எழுதிக்கோடி. சொல் முரண். சொல்றது ஒண்ணு, குத்தறது ஒண்ணு."

எனக்காக யோசிச்சிக்கினே வர்றாங்க, பாவம். முகத்தைப் பார்க்க முடியல. விக்கிரவாண்டி வரைக்கும் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கினேன்.

சொல்லிடலாமா? சொன்னா கிளார்க் கேப்பார், யார் சொன்னதுன்னு. அப்புறம் என்னையும் சேர்த்து அனுப்பிட்டா? அம்மா மாத்திரைக்கு யார்கிட்ட போய் நிக்கறது.

ஜூலை 10, புதன்

தி.வனத்துல ஒரே பேஜாரு. சாலைப் பாதுகாப்பு ஊர்வலமாம். அதுக்கு வழி விடப் போய் ரெண்டு பைக் மோதி, ரோடே அடைச்சுக்கிச்சு. மே.அ. சிரிச்சாங்க: "இந்தா, சூழல் முரண். நடக்கணும்னு நினைச்சதுக்கு நேர் எதிரா நடக்கறது. ஜல்தி எழுது."

ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் ஒரு மாதிரி. வருஷக்கணக்கா குட் மார்னிங் கூட சொல்லாத மேத்ஸ் சார் எழுந்து ஃபேனுக்குக் கீழ இடம் குடுத்தார். ஆயா கேக்காமலே எனக்கு வடை கொண்டாந்து வச்சாங்க. இவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? வெள்ளிக்கிழமை டெமோ இருக்கேன்னு பாசமா?

சாயங்காலம் மே.அ. சாதாரணமா சொல்றாங்க: "எச்.எம். கிட்ட பேசிட்டேன். தாளாளர் என் கிளாஸுக்கு வர வேணாம், உன் கிளாஸ்லயே முழு நேரமும் உட்காரட்டும்." அடிப்பாவி, கையில இருக்கிறதையும் எடுத்து எனக்குக் குடுக்கிறியேன்னு மனசுக்குள்ள கத்தல். வாயில வந்தது "தேங்க்ஸ்க்கா".

வீட்ல சீரியல். மருமக விஷம் கலந்த பாலைத் தூக்கறா, அம்மா டி.வி.யைப் பார்த்து, "குடிக்காதடி! அய்யோ, குடிக்காத!" நாடக முரண். பார்க்கிற நமக்கெல்லாம் தெரியும், கதையில இருக்கிறவளுக்கு மட்டும் தெரியாது. மூணாவது உதாரணமும் கிடைச்சாச்சு. சோறு இறங்கல.

ஜூலை 11, வியாழன்

மழை வர்ற மாதிரி காட்டி ஏமாத்திடுச்சு.

சொல்லிட்டேன். திரும்பி வரும்போது, கூட்டேரிப்பட்டு தாண்டினதும். அழுதுக்கினே. "அக்கா, உங்களை இந்த மாசத்தோட நிறுத்தப் போறாங்க. கிளார்க் போன்ல பேசினதை என் காதால கேட்டேன். திங்கக்கிழமைலேர்ந்து எனக்குத் தெரியும்."

மே.அ. என் கையைப் பிடிச்சாங்க.

"கிளார்க் என்ன சொன்னாரு?"

"மேரி டீச்சர்னு."

"எந்த மேரின்னு யோசிச்சியாடி?"

புரியல.

"என்னை நீங்க எல்லாரும் மேரின்றீங்க. கிளார்க் எப்பயாவது அப்படிக் கூப்பிட்டிருக்காரா? லூர்து டீச்சர்னுதான் கூப்பிடுவார். அவர் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பேசற ஆளு, அதுல நான் லூர்து. ரிஜிஸ்டர்ல உன் பேர் என்ன?"

பக்கத்து சீட்ல யாரோ மல்லாட்டைக் கடலை உரிச்சுக்கினு இருந்தாங்க. அந்தச் சத்தத்துக்கு மேல, அம்மா கோவத்துல கூப்பிடற பேருதான் காதுல கேட்டுது.

"எல்லாருக்கும் தெரியுமாக்கா?"

"தெரியும்மா. உன்கிட்ட சொல்ல யாருக்கும் வாய் வரல. தாளாளர் நீ நடத்தறதை ஒரு தடவை பார்த்தா மனசு மாறுவார்னுதான் எச்.எம். கிட்ட சண்டை போட்டேன்."

நாலு நாளா இவங்களுக்காக நான் பரிதாபப்பட்டுக்கினு இருந்தேன். இவங்க எனக்காக. அம்மாகிட்ட எதுவும் சொல்லல. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

ஜூலை 12, வெள்ளி

நீலப் புடவை. கொண்டை ஊசி ரெண்டு தடவை கீழ.

தாளாளர் கடைசி பெஞ்ச்ல, பக்கத்துல எச்.எம். சோபா சொன்னேன், பிள்ளைங்க சிரிச்சுது. ஊர்வலம் சொன்னேன், இன்னும் சிரிச்சுது. அடுத்தது சீரியல் பால். வாயைத் திறந்தா வேற வருது.

"ஒரு ஸ்கூல்ல ரெண்டு டீச்சர். ஒருத்தருக்கு வேலை போகப் போகுது. போறது இன்னொருத்தங்க வேலைன்னு நினைச்சுக்கினு ஒரு டீச்சர் வாரம் பூரா அவங்களுக்காக அழறாங்க. போகப் போறது அழறவங்களோடதுதான். ஸ்டாஃப் ரூமுக்கே தெரியும், வடை குடுக்கிற ஆயாவுக்குத் தெரியும். அந்த டீச்சருக்கு மட்டும் தெரியாது."

கிளாஸ் முழுக்க ஒரே சிரிப்பு. தாளாளரும் தொடையைத் தட்டிச் சிரிச்சார். எச்.எம். மட்டும் தரையைப் பார்த்தார்.

முதல் பெஞ்ச் பொண்ணு: "பாவம் மிஸ் அவங்க. அப்புறம் என்ன ஆச்சு?"

"கதை இன்னும் முடியலம்மா."

பெல் அடிச்சதும் தாளாளர் போர்டு கிட்ட வந்தார், முகத்துல இன்னும் சிரிப்பு. "பிரமாதம்மா. இந்த மாதிரி நடத்தறவங்கதான் நம்ம ஸ்கூலுக்கு வேணும்." பாக்கெட்லேர்ந்து பேனாவை எடுத்தார். "பேர் என்ன?"

"ஆரோக்கிய மேரி, சார்."

பேனா மூடியைக் கழட்டினவர் எழுதாம அப்படியே நின்னார்.