நாயைப் பின்னறையில் அடைத்ததற்குக் காரணம்

அப்பா,

அடுப்பில் மூஸ் மான் கறி இருக்கிறது. பத்து மணிக்கு உங்கள் தீக்காயத்துக்குக் கட்டு மாற்ற நர்ஸ் வருவார்.

உங்கள் ரத்தத்தில் புரதமும் வைட்டமினும் குறைவு என்று நேற்று பரிசோதனைச் சீட்டு வந்ததும், "கறியை எல்லாம் நாய்க்குத்தானே போட்டீங்க?" என்று கத்திவிட்டேன். "சட்டியையே வழிச்சுத் தின்னேன்டி" என்றீர்கள். நான் நம்பவில்லை.

காலையில் டாக்டரிடம் போனில் கேட்டேன். படகு எஞ்சின் வெடித்து உங்களுக்கு வெந்ததுபோல் பெரிய காயம் பட்டால், நன்றாகச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் அவை இறங்கிவிடுமாம். புண் ஆறியதும் மறுபடி பார்ப்பார்களாம். நீங்கள் சொன்னது உண்மைதான். மன்னித்துவிடுங்கள்.

மீன் ஆலைக்குப் போகிறேன்.

ஹெட்டி

நாயைப் பின்னறையில் அடைத்தது உங்கள்மேல் சந்தேகப்பட்டு இல்லை. நர்ஸைக் கண்டால் குரைக்கும். அவர் போனதும் திறந்துவிடுங்கள். சாப்பிடும்போது பக்கத்திலேயே இருக்கட்டும்.