மணல் நிறத் தோல்

மாமாவுக்கு,

உங்கள் பட்டாலியனைப் பாலைவன நாட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று டெல்லியில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். இங்கே எடுக்கும் கன்னட டிவியும் அதையே சொன்னதால் அத்தை நிம்மதியாக இருக்கிறார்.

பர்கூரில் எங்கள் ஷூ கம்பெனிக்கு, ராணுவ பூட்ஸ் தைக்க வரும் கறுப்புத் தோல் போன வாரம் நின்றுவிட்டது. இப்போது மணல் நிறத் தோல் வருகிறது. அத்தையிடம் சொல்லவில்லை.

உங்கள் அளவான ஒன்பதாம் நம்பர் வந்தால் கூடுதலாக ஒரு வரிசை தையல் போடுகிறேன். லைன் சூப்பர்வைசர் சுமலதா பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, ஒரு வரிசை பத்தாதா? டார்கெட் என்னாவறது?"

"எங்க வீட்டுக்காரரு அளவுக்கா, பட்டாளத்துல இருக்காரு" என்றேன். அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"எந்தம்பியும் பட்டாளத்துலதான். அவனுக்கு எட்டாம் நம்பர். அதுலயும் போட்டுடு."

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி