ஹினெஸ் ஆஜர்

ஸாஃப்ரா, 1587 பிப்ரவரி 9

அன்புள்ள தம்பி பர்த்தொலோமேவுக்கு,

இங்கு சுகம். என் கணவரோடு ஒரே பானையில் பங்குபோட்டுச் சாப்பிடும் படைக் கூட்டாளி நீங்கள், அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் அண்ணன் என்று கூப்பிடும் ஹினெஸ் கடிதம் போட்டு இரண்டு வருஷமாகப் போகிறது. பிளாண்டர்ஸிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய் சந்தையில், "அவன் போய்ச் சேந்துட்டானே, தெரியாதா உனக்கு?" என்றான். விதவைக் கறுப்பு உடுத்தினேன். குருவானவர் படைக்கு எழுதி விசாரித்தார். "பட்டியல்ல மாசாமாசம் ஆஜர்னு இருக்கு, கறுப்பைக் கழட்டும்மா" என்கிறார். நான் மனைவியா, விதவையா? ஒரு வரி போதும்.

அண்ணி கித்தேரியா

ஆண்ட்வெர்ப், ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

பட்டியல் சொல்வதுதான் சரி. அண்ணன் சுகம். துனிஸில் செத்த குதிரையைத் தின்றோம். இங்கே கழுத்தளவுக் கடலில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தே ஒரு தீவைப் பிடித்தோம். இவ்வளவுக்கும் தப்பியவர் எங்கே போய்விடுவார்? எழுதச் சோம்பல், அவ்வளவுதான்.

தங்கள் பர்த்தொலோமே

ஸாஃப்ரா, ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

கறுப்பைக் கழற்றிவிட்டேன். ஓடு சுடுகிற மார்கோஸ் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். "புருஷன் உசிரோட இருக்கார், போய்ட்டு வாங்க" என்றேன். போன வாரம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அழுகை வரவில்லை. உங்கள் சோம்பேறி அண்ணனிடம் சொல்லுங்கள், எனக்குக் கோபமும் இல்லை.

கித்தேரியா

ஆண்ட்வெர்ப், ஆகஸ்ட் 14

அண்ணி,

அண்ணன் இறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அணைக்கரைச் சேற்றில், வயிற்றில் குண்டு. நான்தான் புதைத்தேன். மறுநாள் ஆள் கணக்கெடுக்கும்போது கணக்கர், "ஹினெஸ் எவன்டா?" என்று கத்தினார். பின்வரிசைக்கு ஓடி, அண்ணன் தொப்பியை மாட்டிக்கொண்டு "ஆஜர்!" என்றேன். இங்கே எல்லாப் பானைக்காரர்களும் செய்கிறதுதான். எங்கள் ஆறு வாய்க்கு அவர் பங்கு ரொட்டியும் வந்தது. அது உங்கள் தலையில் வந்து விடியும் என்று நினைக்கவில்லை. பிடிபட்டால் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்தில் உங்களிடமும் பொய் சொன்னேன். இப்போது அந்த ரொட்டி ருசிக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை. இதைக் குருவானவரிடம் காட்டுங்கள். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

பர்த்தொலோமே

ஸாஃப்ரா, அக்டோபர் 30

தம்பி,

படித்தேன். அன்று முழுக்க ஒன்றும் தோன்றவில்லை. மொச்சை உரித்தேன். பிறகு கடிதத்தை அடுப்பில் போட்டேன். மார்கோஸும் போயாயிற்று, இனி கறுப்பு எனக்கு எதற்கு? அதற்காக உங்களைத் துடுப்புக்கு அனுப்ப வேண்டாம். கோயிலில் யார் கேட்டாலும் புருஷன் சுகம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த முறை அவர் பெயரைக் கூப்பிட்டால் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆஜர் சொல்லுங்கள். ரொட்டியைச் சாப்பிடுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

ஹினெஸின் மனைவி
கித்தேரியா