இரண்டு ஜோடிக் கோடு விழுந்த விலைப்பட்டியல்

பீளமேடு, கோவை
23-11-1997

என் மானசா கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அந்த வெளிநாட்டுக் குளிரில் உன் உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும் என்று தினமும் மருதமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது. டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் காரில் ரேஸ்கோர்ஸ் வரைக்கும் போய் மற்றவர்கள் நடப்பதைப் பார்த்துவிட்டு வருகிறார். சித்தப்பா மகன் வம்சிக்குப் பெண் பார்க்கிறார்கள். எந்தப் பெண்ணைக் காட்டினாலும் சரி என்கிறான், அதனால் யாருக்கும் அவன்மேல் நம்பிக்கை வரவில்லை.

மொராக்கோவுக்குப் போக வேண்டிய பம்ப் கேட்டலாக் விஷயம் கேட்டிருந்தாய். உன் ஆபீஸ் சிநேகிதி பிரெஞ்சில் எழுதிக் கொடுத்த தாள்கள் பத்திரமாக வந்தன. டைப் அடித்து முடிக்கிற வரைக்கும் நான் நம் கம்பெனிக்கு வரலாம், அப்புறம் ஊட்டு வேலையைப் பார்க்கணும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எனக்கு அங்கே உட்காரப் பிடித்துவிட்டது கண்ணு. எங்கள் பக்கத்தில் முதலில் காலேஜ் போனவள் என்று பெயர், ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் படிப்பை யாரும் எதற்கும் கேட்டதில்லை. நீ எழுதினபடியே கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் பேனலுக்குள் போய், கீபோர்டு என்பதைத் திறந்து, அமெரிக்க இன்டர்நேஷனல் என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். சிடி கேட்டது, போட்டேன். அதற்கப்புறம் மேற்கோள் குறியைத் தட்டினால் ஒன்றும் விழாமல் காத்திருக்கிறது, அடுத்து இங்கிலீஷ் இ எழுத்தைத் தட்டினதும் அது பிரெஞ்சுக்கு வேண்டியபடி தலையில் சாய்ந்த கோட்டோடு வந்து நிற்கிறது. சந்தோஷத்தில் ஒரு வரி முழுக்க அதையே அடித்துப் பார்த்து அழித்தேன்.

காலையில் நான் வருகிறதுக்கு முன்னால் அதே கம்ப்யூட்டரில் மேனேஜர் லட்சுமணசாமி விலைப்பட்டியல் அடிப்பார் என்பதை நீயும் நானும் யோசிக்கவில்லை. நம் கம்பெனியில் எல்லாமே இன்ச். இரண்டு இன்ச் பம்ப், நாலு இன்ச் பம்ப், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்ச்சுக்கான இரட்டைக் கோடு போட வேண்டும், அதுவும் அதே மேற்கோள் கட்டையில்தான் இருக்கிறது. அவர் ஒரு தடவை தட்டினால் ஒன்றும் விழவில்லை, கோபத்தில் இன்னொரு தடவை தட்டினால் இரண்டு ஜோடி விழுந்தது. அப்படியே டீலர்களுக்கு அனுப்பிவிட்டார். உடுமலைப்பேட்டை டீலர் போன் போட்டு, ஏனுங்க, இதென்ன டபுள் இன்ச்சுங்களா, புது மாடலா, அப்படின்னா எனக்கு முதல்ல பத்து அனுப்பிப்போடுங்க என்றாராம்.

நான்தான் மாற்றினேன் என்று அன்றைக்கே லட்சுமணசாமியிடம் சொன்னேன். அவர் சிரித்து, உங்க மேல பழி போட்டுக்காதீங்க அம்மணி, இது வைரஸ் என்றார். அப்பாவிடம் சொன்னேன், அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டே, நீ பயந்துக்காதே, உன்னால அதைக் கெடுக்க முடியாது என்றார். ஆறுதல் சொல்கிறாராம். புதுக் கீபோர்டு வாங்கி மாட்டினார்கள், அதிலும் அப்படியே. எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பழம்தான் வாடியது. கடைசியில் சர்வீஸ் பண்ணுகிற நஞ்சுண்டனைக் கூப்பிட்டார்கள். அவர் மூன்று நிமிஷம் முறைத்துப் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்தினாத்தானுங்க சரியாகும் என்றார். என் கேட்டலாக் முழுக்க அதற்குள் இருந்தது. பிளாப்பியில் எடுத்துவைக்கவில்லை, பிளாப்பிப் பெட்டி லட்சுமணசாமி அலமாரியில், சாவி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

நஞ்சுண்டன் சிடியை உள்ளே தள்ளப் போனார். நிறுத்துங்க என்று சத்தம் போட்டேன். லேத்துக்காரர்கூட எட்டிப் பார்த்தாராம், என் சத்தத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, குறியைத் தட்டி அப்புறம் இடைவெளிக் கட்டையைத் தட்டினால் ஒரே ஒரு ஜோடிக் கோடு விழும் என்று அடித்துக் காட்டினேன். அப்புறம் அப்பா, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன என்றார். சொன்னேனுங்க, ரெண்டு பேர்கிட்டயும் என்றேன். கேக்கற மாதிரி சொல்லோணும் என்றார். லட்சுமணசாமி அதற்குள், ஒரு கோட்டுக்கு ரெண்டு தட்டு தட்ட என்னால ஆகாதுங்க, பழையபடி மாத்திக் குடுக்கச் சொல்லுங்க என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார், நான் பக்கத்திலேயே இருக்கிறபோது. மாற்றினால் எனக்குப் பிரெஞ்சு எழுத்து வராது, மாற்றாவிட்டால் அவருக்கு இன்ச் வராது. நான் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பையை எடுத்துவிட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நஞ்சுண்டனிடம், இன்னொரு கம்ப்யூட்டர் கொண்டாந்து ஸ்டோர் ரூம் பக்கமா போடுங்க, இந்தம்மா இனிமேல் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்றார். தண்டனை மாதிரித்தான் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை வந்து இறங்கியது. ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டேன்.

சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று எழுதாதே. நீ எல்லா நலமும் பெற்று நல்ல பேரோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். பிரெஞ்சு கேட்டலாக் முடியப்போகிறது, மறக்காமல் உன் சிநேகிதியிடம் ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரி. அப்பாவுக்கு எழுதுகிற கடிதத்தில் இதைப் பற்றி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு
உன் அம்மா
ரா. ராமாமணி, பி.எஸ்ஸி.