மேல் பக்கம்

வியாழக்கிழமை

ஞாயிறன்று இறந்துபோன ஓவியர் அம்மாவின் அறையை இன்று ஒதுக்கினேன். பின்லாந்தில் உருவங்களே இல்லாமல் வரையத் தொடங்கிய முதல் ஆட்களில் அவரும் ஒருவர். மல்கிரேவ் ஊரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து கட்டிலை விட்டு இறங்கியதில்லை.

போன மாதம் தூசி தட்டும்போது அவருடைய ஓவியத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். "படத்தைத் தொட்டாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார்.

இன்று கழற்றிப் பார்த்தேன். எது மேல் என்று காட்டும் பழைய அம்புக்குறி பின்பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. நான் மேலாக வைத்து மாட்டிய பக்கத்தை நோக்கிப் புதிய அம்புக்குறி. வர்ணம் காயவில்லை. அதன் கீழே என் பெயர், தமிழில்.

கூட வேலை செய்யும் றோசி அன்ரி எட்டிப் பார்த்தா. "அவவுக்குத் தமிழ் தெரியாதே. நீதானே பிள்ளை எழுதினனி?"

கையெழுத்து என்னுடையதுதான். இல்லை என்றேன். அன்று அவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.